குத்துக்கு ஒரு சிலந்தி

நெற்பயிரைப் புகையான் தாக்கினால் எந்தக் கட்டத்தில் மருந்தடிப்பது என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. சிலந்தி இல்லாத வயலானால் தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் இருபது தூர் வெடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒற்றைச் சிலந்தியை நம்பி இருபது புகையானைக் கூடுதலாக விட்டுவைக்கலாம் என்று இதற்குப் பொருள். எட்டுக்கால் பூச்சி ஒன்றுக்கு இவ்வளவு மதிப்பு ஏட்டில் ஏறியிருப்பது பெரிய விஷயம். ஆனால் நன்னிலம் வட்டத்து வயல்களில் குத்துக்கு எத்தனை சிலந்தி இருக்கிறது, பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை இருந்தது என்று ஒரு விவசாயி கேட்டால், புரட்டிப் பார்க்க அவர் கையில் பதிவேடு எதுவும் கிடையாது.

டெல்டாவில் நாம் பெரும்பாலும் எண்ணுவது பயிரைத் தின்பவற்றைத்தான். குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலை எண்ணுகிறோம், இலைச்சுருட்டுப்புழு சுருட்டிய இலையை எண்ணுகிறோம், விளக்குப்பொறியில் விழும் அந்துப்பூச்சியை எண்ணுகிறோம். இவற்றைத் தின்று வாழும் சிலந்தி, தட்டான், நாவாய்ப்பூச்சி, இவற்றுக்கு அடியில் சேற்றில் கிடக்கும் புழு, நத்தை, நண்டு ஆகியவற்றை எண்ணுவதில்லை. எண்ணாதவரை அவற்றைக் காப்பதாகச் சொல்வது வெறும் பேச்சு. எண்ணும் வேலையோ, வெளியிலிருந்து எப்போதாவது வந்து போகும் ஆய்வாளரால் ஆகக்கூடியதல்ல. சாகுபடி நாட்காட்டிக்குள், வயலில் இறங்குகிறவர்கள் கையால் நடக்க வேண்டியது.

நன்னிலம் பழைய டெல்டாவின் களிமண் பூமி. அரசலாறு, முடிகொண்டானாறு, புத்தாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கிளைகள் விரல் விரித்தாற்போல் பிரிந்து கடலை நோக்கி ஓடும் பகுதி. மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. இடைப்பட்ட காலத்தில் குறுவை, சம்பா, தாளடி. பிறகு உளுந்தும் பயறும். அதன்பின் வயல் வெடித்துக் கிடக்கும். இங்குள்ள சிற்றுயிர்களின் வாழ்க்கை முழுவதும் இந்த நீர்க்கணக்கின்மேல்தான் எழுந்திருக்கிறது. தண்ணீர் நின்றதும் நத்தை சேற்றுக்குள் புதைந்து மூடியை இறுக்கிக்கொள்ளும். வயல் நண்டு வளையை ஈரம் கிடைக்கும் ஆழம்வரை தோண்டிக்கொண்டே போகும். கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே உறங்கும். வாய்க்கால் தண்ணீர் ஏறிச் சேறடித்த சில நாட்களில் அவை பொரித்துவிடும். கலங்கல் தெளிந்த வயல்நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தால், துள்ளித் துள்ளி நகரும் வெண்புள்ளிகளாக அவற்றைக் காணலாம்.

நெல்வயலுக்குள் எத்தனை உயிர்கள் வாழ முடியும் என்பதற்கு நமக்கு அருகில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று இலங்கையிலிருந்து வருகிறது. குருணாகல் மாவட்டத்தில் பாசன வயல் ஒன்றைச் சன்ன பம்பரதெனியவும் சகாக்களும் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதுகெலும்பற்ற உயிர்கள் மட்டும் 494 இனங்கள். முதுகெலும்புள்ளவை 103. ஒற்றைப் பயிர் நிற்கும் இடம் என்று நாம் நினைக்கும் நிலத்தில் இவ்வளவு. இவற்றில் பயிருக்குக் கேடு செய்பவை சிறுபான்மைதான்.

மற்றவை அங்கே என்ன செய்கின்றன? இதற்கு விடை தந்தது ஜாவாத் தீவில் நடந்த ஆய்வு. வில்லியம் செட்டில் குழுவினர் 1996இல் வெளியிட்ட அந்த ஆய்வைப் பூச்சியியல் படிக்காதவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நட்ட முதல் சில வாரங்களில் வயலில் பயிர்ப்பூச்சி அதிகம் இருக்காது. ஆனால் அடிமண்ணில் மக்கும் தாளையும் தழையையும் தின்று நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று கடிக்காத கொசு போன்ற ஈக்களின் சிவப்புப் புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் பெருகும். அவற்றைத் தின்று சிலந்தியும் நீர்மேல் நடக்கும் நாவாய்ப்பூச்சியும் பெருகும். புகையான் வந்து சேரும்போது அதைத் தின்னும் படை ஏற்கெனவே வயலில் நிற்கும். அதாவது யாருக்கும் பயன்படாதவை என்று தோன்றும் சேற்றுப்புழுக்கள்தான் பயிர்க்காவலுக்குச் சோறு போடுகின்றன. நட்ட இருபதாம் நாள் யூரியாவோடு குருணை மருந்தைக் கலந்து வீசும்போது முதலில் அறுபடுவது இந்தச் சங்கிலிதான். கண்ணுக்குப் பூச்சி எதுவும் தெரியாத நேரத்தில், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் அது வீசப்படுகிறது. வயலில் உள்ள பழக்கங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

குத்தை இரண்டு கையாலும் விலக்கி அடித்தண்டைப் பார்த்தால் இந்தக் கணக்கு நேரில் தெரியும். தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புநிறப் புகையான்கள் ஒட்டியிருக்கும். தண்டைத் தட்டினால் சில தண்ணீரில் விழும். விழுந்த நொடியில் எள்ளளவுள்ள நாவாய்ப்பூச்சிகள் நாலாபுறமிருந்தும் நீர்மேல் ஓடிவந்து கூட்டமாகக் குத்தி உறிஞ்சும். முதுகில் வெளிறிய கோடு கொண்ட ஓநாய்ச்சிலந்தி வலை பின்னாது, நீரின் மேலேயே ஓடிப் பிடிக்கும். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியோ இலையுறைக்குள் புகையான் செருகிவைத்த முட்டைகளைத் தேடி உறிஞ்சும். மேலிருந்து தெளிக்கும் மருந்து இந்த மூன்றையும் கொல்லும். இலையுறைக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடும். பத்து நாளில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு எதிரி இல்லை. மருந்தடித்த பிறகு புகையான் முன்னைவிட அதிகமாவதற்கு இது முக்கியக் காரணம். தழைச்சத்து மிகுந்த பயிரில் இன்னும் வேகமாகப் பெருகும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் மருந்தையும் உரத்தையும் நம்பும் இந்த வழி தொடங்கியது 1960ஐ ஒட்டி. தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27, பின்னால் ஐஆர் 20 என்று புதிய ரகங்கள் வந்தன, உரம் வந்தது, பிஎச்சி என்னும் பூச்சிக்கொல்லித் தூள் வந்தது. பசி நீங்கியது. அதைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் விலையும் கொடுத்தோம். பிஎச்சி 1997இல் தடையானது. போரேட் குருணை 2020 டிசம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஒவ்வொன்றும் போகும்போது இன்னொன்று வந்தது. தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் மனிதர்க்கும் கால்நடைக்கும் நேரும் நஞ்சு. அது வேண்டிய காரணம்தான். வயல்நீரில் என்னென்ன செத்தன என்ற கேள்வி பின்வரிசையிலேயே நின்றது.

இந்தோனேசியா வேறு வழியில் போனது. மருந்தால் புகையான் பெருகுகிறது என்று பூச்சியியலாளர்கள் நிரூபித்துக் காட்டியதும், 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தார். அதன்பின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு விவசாயிகள் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கி, குத்துக்களைப் பார்த்து, பயிரையும் பூச்சியையும் அவற்றின் எதிரிகளையும் தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் 1994இல் கே. எல். ஹியோங் முதலானோர் எடுத்த பிரச்சாரம் இன்னும் எளிமையானது: விதைத்த முதல் 40 நாளுக்கு இலை தின்னும் புழுவுக்காக மருந்தடிக்க வேண்டாம், பயிர் தானே தேறிக்கொள்ளும், நீங்களே ஒரு பகுதியில் சோதித்துப் பாருங்கள். அங்கே மருந்தடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிற்றுயிர்க் காப்புக்கு நான் அறிந்த மிக மலிவான திட்டம் அது. நிலம் ஒதுக்க வேண்டியதில்லை, வேலி வேண்டியதில்லை. நாற்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

வயலோடு நின்றுவிடும் கதை அல்ல இது. ஜப்பானின் ஷிமானே பகுதியிலுள்ள ஷின்ஜி ஏரியைச் சுற்றி நெல்வயல்கள். 1993 முதல் அங்கே இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. ஏரியின் நுண்விலங்குகள் சரிந்தன. அவற்றைத் தின்று வாழ்ந்த வகாசகி மீனின் ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக விழுந்தது என்று மசுமி யமமுரோ குழுவினர் 2019இல் எழுதினார்கள். அவர்களால் இதைச் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அந்த ஏரியின் நுண்விலங்குக் கணக்கும் மீன்பிடிக் கணக்கும் பல ஆண்டுகளாக எழுதிவைக்கப்பட்டிருந்ததுதான். ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறக்கும் பூச்சிகளின் எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்குமேல் குறைந்த செய்தி 2017இல் உலகத்தை உலுக்கியது. அதுவும் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் ஒரே வகைப் பொறியை வைத்து விடாமல் எடை போட்டதால் கிடைத்த செய்தி. காவிரியின் கடைமடையில் இதே அளவு சரிவு நடந்திருந்தாலும் நம்மால் நிரூபிக்க முடியாது.

நம் பக்கத்தில் இந்தச் சங்கிலியின் மேல்முனை எல்லோருக்கும் தெரிந்தது. திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. உதயமார்த்தாண்டபுரத்தில் கூடுகட்டும் நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அதன் முக்கிய உணவு நத்தை. அந்த நத்தை சரணாலயத்தின் சில பத்து எக்டர் ஏரிக்குள் மட்டும் கிடைத்துவிடாது. சுற்றுவட்டார வயலிலும் வாய்க்காலிலும் வடிகாலிலும்தான் கிடைக்கும். ஏரியைக் காப்பாற்றிவிட்டோம், பறவையை ஆண்டுதோறும் எண்ணுகிறோம். பறவையின் சோற்றுத்தட்டு நஞ்சை நிலத்தில் கிடக்கிறது, அதை யாரும் எண்ணவில்லை.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் நண்டுக்கென்றே கள்வன் பத்து என்று பத்துப் பாட்டு இருக்கிறது. நெல் நடவின் இடைவெளியை நண்டு ஓடும் அளவென்று சொல்வது நம் ஊர்ப் பேச்சு. அந்த நண்டு இன்று விவசாயிக்கு எதிரியாகவே தெரிகிறது, வரப்பைத் துளைத்துத் தண்ணீரை ஒழுகவிடுவதால். அந்தக் குறை நியாயமானது. ஆனால் அதன் இனப்பெருக்கத்தை அறிந்தால் பயம் வரும். கடல்நண்டு லட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும், அவை எங்கும் மிதந்து போய்ப் பரவும். வயல் நண்டு அப்படியல்ல. முட்டையை வயிற்று மடிப்பில் சுமந்து, சின்னஞ்சிறு நண்டுகளாகவே பொரிக்கவைத்து, அவற்றையும் சிலகாலம் சுமந்து திரியும். ஒரு வரப்பில் நண்டு அழிந்தால் மறுபடி பக்கத்து வரப்பிலிருந்து நடந்துதான் வர வேண்டும். பக்கத்து வரப்பிலும் இல்லையென்றால் வராது. உலகின் நன்னீர் நண்டினங்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று அழிவின் அச்சத்தில் இருப்பதாக 2009இல் வந்த உலகளாவிய மதிப்பீடு சொன்னது. பாதியளவு இனங்களுக்கு முடிவுசொல்லப் போதிய தரவே இல்லை என்றும் சொன்னது. சளிக்கு நண்டு ரசம் வைக்கும் வீடுகளுக்கும், நத்தையும் நண்டும் பொறுக்கி ஒருவேளைக் குழம்புக்கு வழிசெய்துகொள்ளும் கூலிக்குடும்பங்களுக்கும் இந்த இழப்பு சாப்பாட்டு இழப்பு. பொருளாதாரக் கணக்குகளில் அதற்கு இடமே இல்லை.

இனி வாழிடம். வயல் என்றால் நடவு செய்த பரப்பு மட்டுமல்ல. வரப்பு, வாய்க்கால் கரை, வடிகால், குட்டை, கோயில் குளம் எல்லாம் சேர்ந்ததுதான் சிற்றுயிர்களின் ஊர். அறுவடை முடிந்ததும் சிலந்திகள் ஒதுங்குவது புல் மண்டிய வரப்பில். வரப்பைச் செதுக்கிப் புல்லில்லாமல் வழித்து, களைக்கொல்லி தெளித்து மொட்டையாக்கும் பழக்கம் இந்தப் புகலிடத்தை ஒழிக்கிறது. வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு, எள் போன்றவற்றை ஊன்றச் சொல்வதன் காரணம் இதுவே. குளவி வகை ஒட்டுண்ணிகளுக்குத் தேன் வேண்டும். தாய்லாந்து, சீனா, வியட்நாமில் வரப்பில் பூச்செடி வளர்த்த சோதனைகளின் முடிவு 2016இல் வந்தது. மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை வாங்கிக் கட்டுகிறவர்கள், அதிலிருந்து வெளிவரும் குளவி உட்கார ஒரு பூவாவது வரப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தூர்வாருதல் பற்றிப் பேசுவது கடினம். கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் மேட்டூர் திறக்குமுன் ஆறும் வாய்க்காலும் தூர்வாரியாக வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த வடிகாலால் சம்பாப் பயிர் மூழ்கும் ஊர்களில் போய் நத்தையைக் காக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பொக்லைன் அள்ளிக் கரையில் கொட்டும் சேற்றில்தான் நத்தையும் மட்டியும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஆண்டில் முழு நீளத்தையும் இரு கரையையும் வழிக்காமல், ஒரு கரையின் புல்லை விட்டு, சில பாகங்களை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வேலை செய்தால் தண்ணீரும் போகும், உயிரும் மிஞ்சும். தரையிலும் பக்கத்திலும் கான்கிரீட் போட்ட வாய்க்காலில் இந்தச் சமரசத்துக்கே வழியில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதிலும் இதே இக்கட்டு. தண்ணீர் மிச்சமாகிறது, மீத்தேன் குறைகிறது, கொசுப்புழுவும் சாகிறது. மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலக்ஸ் கொசு நெல்வயலில் வளர்வது என்பதால் இது சாதாரண நன்மையல்ல. ஆனால் தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வாரக்கணக்கில் வளர வேண்டியது. வயல் வெடிக்கக் காய்ந்தால் அதுவும் சாகும், கொசுவைத் தின்ன ஆளில்லாமல் போகும். வயலின் ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழியோ ஓரத்தில் ஒரு சிறு பள்ளமோ விட்டுவைத்தால் காய்ச்சல் நாட்களில் உயிர்கள் அங்கே ஒதுங்கிக்கொள்ளும்.

இதை ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறது ஜப்பானின் சாடோ தீவு. ஜப்பானில் அழிந்துபோன தோக்கி என்னும் அரிவாள்மூக்கன் பறவையை 2008 செப்டம்பரில் அங்கே மீண்டும் பறக்கவிட்டார்கள். பறவைக்கு வயலில் இரை வேண்டும். மருந்தையும் உரத்தையும் குறைத்து, வயலோரம் பள்ளம் வெட்டி, குளிர்காலத்தில் நீர் தேக்கி, ஆண்டுக்கு இரண்டுமுறை வயலின் உயிர்களைத் தாங்களே கணக்கெடுக்கும் விவசாயிகளின் அரிசிக்குத் தனி முத்திரை கொடுத்தார்கள். கணக்கெடுப்பதே முத்திரைக்கு நிபந்தனை. நம் பக்கத்தில் நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் திருவிழா நடத்தி மாப்பிள்ளைச் சம்பாவையும் கிச்சிலிச் சம்பாவையும் விவசாயிகள் கைக்குத் திருப்பிக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் ரகத்துக்கு விலை தருகிறார்கள். அந்த நெல் விளைந்த வயலில் தட்டான் பொரித்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் விவசாயிக்குக் கணக்கெடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.

எதை, எப்படி எண்ணுவது? ஒவ்வொரு கருவியும் ஒரு பாதியைத்தான் காட்டும். விளக்குப்பொறி அந்துப்பூச்சியை இழுக்கும், நீர்மேல் ஓடும் சிலந்தியை இழுக்காது. கைவலை பயிரின் நுனியில் இருப்பதைப் பிடிக்கும், அடித்தண்டைத் தொடாது. வெறும் கண்ணால் தட்டான் எண்ணினால் ஏமாற்றம் நேரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் நெடுந்தூரம் வலசை போவது. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை அது கடல் கடப்பதாக 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். வானம் நிறைய அது பறப்பதால் நம் வயல் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதற்குப் பதில் நெல்தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தட்டான் கூட்டை எண்ணலாம். முதுகு பிளந்து, உள்ளே வெண்ணிற நூல்கள் தொங்கும் காய்ந்த சட்டை அது. அது இருந்தால் தட்டான் இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தது என்று உறுதி.

அதேபோல் வயலில் குறுக்காக நடந்து இருபது குத்தில் சிலந்தி, மிரிட், புகையான். ஐம்பது அடி வரப்பில் நண்டுவளை, மண்புழு எச்சம், நத்தை முட்டைக் குவியல். நட்ட பதினைந்தாம், முப்பதாம், நாற்பத்தைந்தாம் நாட்களில் இதைச் செய்தால் ஒரு பருவத்துக்கு மூன்று காலைப்பொழுதுகள் போதும். களையெடுக்கும் பெண்களுக்கு நண்டுவளையும் நத்தை முட்டையும் யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குக் கூலி கொடுத்து இந்த வேலையில் சேர்க்க வேண்டும், சும்மா கேட்கக் கூடாது.

எழுதிவைக்க இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதியை அதற்குக் கெடுவாக வைத்தது. கெடுவுக்காக அவசரமாக நிரப்பப்படும் பதிவேட்டில் மரமும் மூலிகையும் பறவையும் பெயர்ப்பட்டியலாக ஏறும். எத்தனை என்ற பத்தி இருக்காது, அடுத்த ஆண்டு என்ற பத்தியும் இருக்காது. டெல்டா 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தில் ஏறியது. நிலத்துக்கடியிலிருந்து எண்ணெய் எடுப்பது போன்ற புதிய கேடுகளை அது தடுக்கிறது, அது பெரிய வெற்றி. வயலின் மேல்மண்ணில் நாமே போடுவதைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் உறுதி தருவதில்லை.

நன்னிலம் வட்டத்தில் சில ஊராட்சிகள் இந்தக் குறுவையிலேயே தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். மேட்டூர் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. தண்ணீர் இப்படி முன்னும் பின்னும் ஆடும்போது சிலந்தி எண்ணிக்கையும் ஆடும். ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த வயலுக்குத் தண்ணீர் ஏறிய தேதி, நட்ட தேதி, போட்ட உரம், அடித்த மருந்து ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். முதல் சில ஆண்டுகளின் எண்களை வைத்து எந்த விவசாயியையும் குறைசொல்லவோ பாராட்டவோ கூடாது. குருணை போட்ட வயலும் போடாத வயலும் அடுத்தடுத்துப் பல பருவங்கள் எழுதப்பட்ட பிறகுதான், குத்துக்கு ஒரு சிலந்தி என்ற வரம்பு நன்னிலத்து மண்ணில் எட்டக்கூடியதா என்று சொல்ல முடியும்.